முத்தகமும் குளகமும்: விவிலிய வாசிப்பு மென்பொருள்களின் திரைக்காட்சி குறித்த பயனர் பரிந்துரைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

விவிலிய வாசிப்பு மென்பொருள்களின் திரைக்காட்சியை மேம்படுத்தப் பயனர்கள் முன்வைக்கும் பரிந்துரைகள் பெரும்பாலும் வசதி சார்ந்த கோரிக்கைகளாகவே கருதப்படுகின்றன. அவற்றுள் பல பதிப்பியல் சார்ந்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வசன எண்ணை அடிப்படை அலகாகக் கொண்ட தரவமைப்பு, தண்டியலங்காரம் வகுக்கும் செய்யுள் வகைகளுள் முத்தகத்துக்கு மட்டுமே பொருந்துகிறது. குளகமாக அமைந்த பகுதிகளை அது சிதைத்துக் காட்டுகிறது. கோவையை உள்ளிட்ட கொங்கு நாட்டில் இருவேறு மொழிபெயர்ப்புகள் அருகருகே வழங்குவதால் இச்சிதைவு அங்குக் கூர்மையாகப் புலப்படுகிறது. வசனச் சட்டகம், இணைக்காட்சி, தேடல், சொல்லடைவு ஆகிய நான்கு நிலைகளில் பரிந்துரைகள் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விவிலியத் தமிழ், திரைக்காட்சி, முத்தகம், குளகம், பதிப்பியல், ஒருங்குறி, கொங்கு நாடு.

1. முன்னுரை

நூலின் பக்க அமைப்பு நூலின் பொருளுக்குப் புறம்பானது அன்று. ஓலைச்சுவடியில் புள்ளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்ட பாடல்களைச் சீர் பிரித்து, மூலமும் உரையும் வேறுபடுமாறு அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் தம் காட்சியமைப்பின் வழியாகவே பல பாடச் சிக்கல்களுக்கு விடை கண்டனர். மர்ரே எஸ். ராஜம் 1950களில் வெளியிட்ட சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகள் இதற்குத் தெளிவான சான்று. சொல்லை எங்கே பிரிப்பது என்பது அச்சுக்கோப்பவரின் முடிவன்று. பொருள் கொள்பவரின் முடிவு.

இன்று தமிழில் மிகுதியாகத் திரையில் வாசிக்கப்படும் நெடுநூல்களுள் விவிலியம் ஒன்று. ரிக் மேயர்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈ-சுவார்டு, கணினியில் இயங்கும் தி வேர்டு, கிராஸ்வயர் அமைப்பின் சுவார்டு திட்டம், 2008இல் கைப்பேசிக்கு வந்த யூவெர்ஷன் முதலியன விவிலிய வாசிப்பைத் திரைக்குக் கொண்டுவந்தவை. இவற்றுள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு சிற்றூர்ச் சபை ஊழியர்கூட மூலமொழி அகராதியையும் விளக்கவுரையையும் கையருகே வைத்துப் படிக்க முடிவது இவற்றின் கொடை. அக்கொடையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

இத்தகைய மென்பொருள்களின் பயனர்கள் பொதுவாகக் கோருபவை இவை: வசனங்களைப் பத்தியாகக் காட்டுதல், வசன எண்களை மறைக்க வழி செய்தல், இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து ஒரே வேகத்தில் உருளச் செய்தல், அடிக்குறிப்புகளை மேலெழும் பெட்டியில் காட்டுதல், எழுத்தளவையும் வரி இடைவெளியையும் பயனரே மாற்றிக்கொள்ளல், தேடிய சொல்லை நிறமிட்டுக் காட்டுதல், இரவு வாசிப்புக்குக் கருநிறப் பின்புலம் அமைத்தல். இவை ஒரே தரத்தன அல்ல. கருநிறப் பின்புலம் கண்ணுக்கு நலம் தருவது. பத்தியமைப்போ வாசிப்பின் பொருளையே மாற்றுவது. இரண்டையும் 'காட்சி அமைப்புகள்' என்ற ஒரே பட்டியலில் சேர்ப்பதே முதற் பிழை.

2. கொங்கு நாடும் எழுத்துக் காட்சியும்

இச்சிக்கலை ஆராயக் கொங்கு நாடு பொருத்தமான களம். பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையினரின் பணி சத்தியமங்கலம் வரை பரவியது. 1830இல் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் அடிஸ் கோவைக்கு வந்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் கோயம்புத்தூர் மறைமாவட்டம் 1886இல் அந்நிலையைப் பெற்றது. இதன் விளைவாக, சீர்திருத்தச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பும் கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியமும் இப்பகுதியில் ஒரே தெருவில், சில இல்லங்களில் ஒரே கூரையின் கீழும் வழங்குகின்றன. முன்னது ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழுமை பெற்றது. பின்னது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு.

தமிழ் எழுத்தின் காட்சி குறித்த இருபதாம் நூற்றாண்டு விவாதத்திலும் இந்நிலப்பகுதிக்கு இடமுண்டு. ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடிஅரசு' இதழில் பெரியார் 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய வடிவங்களை ஒழுங்குபடுத்திய அம்முயற்சியின் பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. கோவையில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் கூடியது. அதையொட்டியே ஒருங்குறியையும் டேஸ்16 குறியீட்டையும் தரப்படுத்தும் அரசாணை வெளிவந்தது. ஈரோட்டில் எழுத்தின் வடிவமும் கோவையில் எழுத்தின் குறியீடும் பொதுவிவாதமாயின. அவ்விரண்டுக்கும் அடுத்த நிலையில் எழும் வினா, எழுத்து திரையில் எவ்வாறு நூலாகிறது என்பதாகும்.

காட்சிக்கும் விவிலியத்துக்கும் உள்ள உறவு தமிழில் புதியதும் அன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1714–1715இல் அச்சிட்டபோது, ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாக இருந்தன, தாளோ போதவில்லை. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எழுத்தளவு பற்றிய இன்றைய பயனர் கோரிக்கைக்கு முந்நூறாண்டு முன்னோடி உண்டு என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. வேறுபாடு ஒன்றே: அன்று அளவைத் தாள் முடிவு செய்தது, இன்று பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கு ஏற்ப வகுத்த முன்னிருப்பு முடிவு செய்கிறது. மேலேறும் இகர ஈகாரக் குறிகளும் கீழிறங்கும் உகர ஊகாரக் குறிகளும் கொண்ட தமிழ் வரிக்கு ஆங்கில வரியின் இடைவெளி போதாது. நீண்ட ஒட்டுச்சொற்கள் நிறைந்த தமிழ்ப் பத்தியைக் கைப்பேசியின் குறுகிய திரையில் இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களிடையே வெற்றிடங்கள் தோன்றுகின்றன. எனவே எழுத்தளவு, வரி இடைவெளி, இடப்புறச் சீர்மை ஆகியவற்றை மொழிதோறும் தனித்தனியே அமைக்க வேண்டும் என்ற பரிந்துரை முழுமையாக ஏற்கத்தக்கது.

3. 31,102 வரிகள் கொண்ட சட்டகம்

விவிலியத்தின் அதிகாரப் பகுப்பு பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டனால் ஒழுங்குபட்டதாகக் கருதப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை 1551ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தவர் அச்சகத்தார் ராபர்ட் எஸ்தியேன். அதாவது வசன எண் என்பது மூல ஆசிரியரின் பகுப்பன்று. தேடி எடுப்பதற்கான முகவரி. அம்முகவரியையே உரையின் இயல்பான அலகாக மாற்றியது கணினித் தரவமைப்பு.

ஈ-சுவார்டின் விவிலியக் கோப்பு, நூல், அதிகாரம், வசனம், உரை என்னும் நிரல்களைக் கொண்ட அட்டவணை. தி வேர்டின் முழு விவிலியக் கோப்பு, வரிக்கு ஒரு வசனமாக 31,102 வரிகளைக் கொண்டது. இது ஆங்கில ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பின் வசன எண்ணிக்கை: பழைய ஏற்பாட்டில் 23,145, புதிய ஏற்பாட்டில் 7,957. எம்மொழியின் விவிலியமும் இவ்வரிகளுக்குள் அமர வேண்டும் என்பதே சட்டகத்தின் விதி. எளிமையும் விரைவும் இவ்விதியின் பயன்கள். தனியொரு ஆர்வலர்கூட ஒரு மொழிபெயர்ப்பைக் கோப்பாக்க முடிவது இதனால்தான். ஆயினும் இவ்விதி மூன்று முடிவுகளை வாசகர் அறியாமல் எடுத்துவிடுகிறது.

முதலாவது, திருமுறையின் எல்லை. 66 நூல்கள் கொண்ட சட்டகத்தில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகிய ஏழுக்கும் வரியில்லை. 73 நூல்கள் கொண்ட திருவிவிலியத்தை இச்சட்டகத்தில் ஏற்றினால் ஏழு நூல்கள் வெளியே நிற்கும். இரண்டு திருச்சபை மரபுகளிடையே நூற்றாண்டுகளாக நிலவும் ஒரு வேறுபாட்டில் மென்பொருள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதைத் தன் முடிவென்று அறிவிப்பதுமில்லை.

இரண்டாவது, பாட வேறுபாடு. மத்தேயு 17:21, திருத்தூதர் பணிகள் 8:37 போன்ற வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உண்டு. திறனாய்வுப் பதிப்புகளைத் தழுவிய மொழிபெயர்ப்புகள் தொன்மையான கையெழுத்துப் படிகளில் அவை இல்லாமையால் மூலவரியில் சேர்ப்பதில்லை, அடிக்குறிப்பில் விளக்குகின்றன. அடிக்குறிப்புக்கு இடமில்லாத சட்டகத்தில் அவ்வரி வெறுமையாக நிற்கும். அவ்வெறுமையைக் காணும் வாசகர் அதை மென்பொருளின் பிழை என்றோ, வேதத்தைக் குறைத்த குற்றம் என்றோ எண்ண இடமுண்டு. விடுபட்ட வசனத்தைச் சேர்க்குமாறு கோரும் பரிந்துரை இச்சூழலில் நேர்மையான எதிர்வினையே. ஆயினும் வேறொரு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து வெற்றிடத்தை நிரப்புவது பதிப்பறத்துக்கு முரணானது. தீர்வு, வெற்றிடத்திலேயே காரணத்தைக் காட்டுவது. அடிக்குறிப்பை மேலெழும் பெட்டியில் காட்டுமாறு பயனர் கோருவது அழகுக்காக அன்று என்பது இவ்விடத்தில் விளங்கும்.

மூன்றாவது, எண்முறை. எபிரேய மரபில் திருப்பாடலின் தலைப்புக்கும் வசன எண் உண்டு. ஆங்கில மரபில் இல்லை. 51ஆம் திருப்பாடல் ஒன்றில் 21 வசனங்களாகவும் மற்றொன்றில் 19 வசனங்களாகவும் அமைவது இதனால்தான். யோவேல் எபிரேயத்தில் நான்கு அதிகாரங்கள், ஆங்கில மரபில் மூன்று. மலாக்கி எபிரேயத்தில் மூன்று, ஆங்கில மரபில் நான்கு. எண்ணை மட்டும் நம்பி இரு பதிப்புகளை அருகருகே உருளச் செய்தால், ஒருபுறத்து வசனமும் மறுபுறத்து வசனமும் வேறு வேறு செய்தி சொல்லும். சுவார்டு திட்டம் மாற்று எண்முறைகளை ஏற்கும் வசதியைப் பின்னர்ச் சேர்த்தது இச்சிக்கலை உணர்ந்ததன் விளைவு. எண்முறைப் பொருத்தம் இன்றி இணையுருளலை மட்டும் சேர்ப்பது தவறான ஒப்பீட்டை விரைவுபடுத்தவே உதவும்.

4. முத்தகமும் குளகமும்

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல செய்யுள்கள் ஒரு வினை கொண்டு முடிவது குளகம். உரைநடை மொழிபெயர்ப்புக்குச் செய்யுளிலக்கணத்தை அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் பொருள் எங்கே முடிகிறது என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு தந்துள்ள கூர்மையான கலைச்சொற்கள் இவை. திரைக்காட்சியின் சிக்கலை விளக்க இவற்றினும் பொருத்தமான சொற்கள் இல்லை.

ஒரு வரியில் ஒரு வசனம் என்னும் காட்சி, ஒவ்வொரு வசனத்தையும் முத்தகமாகக் கருதுகிறது. நீதிமொழிகள் நூலின் பத்தாம் அதிகாரத்துக்குப் பிந்தைய பெரும்பகுதிக்கு இது பொருந்தும். அங்கு ஒவ்வொரு வசனமும் ஏறத்தாழ ஒரு குறள்போல் தன்னளவில் முடிகிறது. திருக்குறளின் 1,330 பாக்களையும் கொங்குமண்டல சதகம் போன்ற சதக நூல்களின் பாடல்களையும் எண்ணிட்டுத் தனித்தனியே காட்டுவதில் இழப்பேதும் இல்லாமைக்கும் இதுவே காரணம்.

பவுலின் திருமுகங்களோ குளகத் தன்மையன. எபேசியர் 1:3–14 கிரேக்கத்தில் ஒரே வாக்கியம்; அதன்மேல் பன்னிரண்டு வசன எண்கள் பின்னர் இடப்பட்டன. லூக்கா நற்செய்தியின் முன்னுரையான 1:1–4உம் ஒரே வாக்கியமே. அதன் முதன்மை வினை மூன்றாம் வசனத்தில் உள்ளது. நோக்கத்தைக் கூறும் பகுதி நான்காம் வசனத்தில் வருகிறது. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்கும். நோக்கத்தைக் கூறும் எச்சம் அதற்கு முன் வரும். ஆகவே தமிழ் வாக்கியம் இயல்பாக அமைய வேண்டுமெனில் நான்காம் வசனத்தின் செய்தி மூன்றாம் வசனத்தின் வினைக்கு முன்னே செல்ல வேண்டும். நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோளுள் ஒன்றான கொண்டுகூட்டு இங்கு மொழிபெயர்ப்பாளரின் அன்றாடக் கருவியாகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வசன எல்லையைக் காத்து, எச்சங்களால் நீளும் வாக்கியத்தை எழுதுவது. மற்றொன்று, வசனங்களை இணைத்து ஒரே எண் தொகுதியாக்கி, இயல்பான தமிழ் வாக்கியம் அமைப்பது. இரண்டாம் வழியைத் தேர்ந்த மொழிபெயர்ப்பை வசனச் சட்டகம் தண்டிக்கிறது: இணைத்த வசனங்களுள் ஒன்றில் உரை முழுவதும் குவியும், மற்றது வெறுமையாகும். தமிழ்த் தொடரியலுக்கு நெருக்கமான மொழிபெயர்ப்பே திரையில் குறையுடையதாகத் தோன்றும் என்பதே இச்சட்டகத்தின் முரண். பத்திக் காட்சிக்கான பயனர் பரிந்துரையை இந்நோக்கில் வாசித்தால், அது தமிழ் வாக்கியத்துக்கான கோரிக்கை என்பது புலப்படும்.

எபிரேயக் கவிதைப் பகுதிகளில் சிக்கல் எதிர்த்திசையில் எழுகிறது. அங்கு வசனத்தினும் சிறிய அலகு அடி. இணையடிகளாக அமைந்து ஒன்றையொன்று விளக்கும் கவிதை, ஒரே வரியாகச் சுருங்கும்போது உரைநடையாகிவிடுகிறது. 119ஆம் திருப்பாடல் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனங்கள் கொண்டது. அவ்வெட்டின் தொகுதியைக் காட்டாத திரை, பாடலின் கட்டமைப்பையே மறைக்கிறது. 136ஆம் திருப்பாடலில் 26 வசனங்களிலும் மீளும் பல்லவியைத் தனியடியாக உள்தள்ளிக் காட்டினால், அது சபையாரின் மறுமொழி என்பது கண்ணுக்கே விளங்கும். மொழிபெயர்ப்புக் குழுக்கள் பயன்படுத்தும் யூஎஸ்எஃப்எம் குறியீட்டில் பத்திக்கும் கவிதை அடிக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. தொழில்நுட்பம் இருக்கிறது, வரிக்கு ஒரு வசனமாகச் சுருக்கும்போது அக்குறிகள் உதிர்ந்துவிடுகின்றன.

முத்தக வாசிப்பை மென்பொருளே உருவாக்கியது எனக் கூறுவது நியாயமாகாது. ஆண்டிறுதி நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை பெறும் வழக்கம் தமிழ்ச் சபைகளில் வேரூன்றியது. ஒரு வசனத்தைத் தனியே எடுத்து ஆண்டு முழுதும் மனத்தில் வைத்தல் பக்தி வாசிப்பின் மதிப்புமிக்க முறை. மேலும், போதகர் அதிகாரமும் வசனமும் கூறியவுடன் சபையார் அனைவரும் அவ்விடத்தைக் கண்டடைய வேண்டும். அங்கு எண்ணின்றி வாசிப்பு நடவாது. எனவே வசனக் காட்சியை நீக்க வேண்டும் என்பது வாதமன்று. அது முன்னிருப்பாகவும் ஒரே வழியாகவும் இருத்தலாகாது என்பதே வாதம். ஆராதனைக்கு முத்தகக் காட்சியும் ஆய்வுக்குக் குளகக் காட்சியும் வேண்டும். ஒரு தொடுகையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வழியும் வேண்டும்.

5. இரு மொழிபெயர்ப்புகள், ஒரு சாளரம்

இணைக்காட்சி குறித்த பரிந்துரைகள் கொங்கு நாட்டுச் சூழலில் தனிப்பொருள் பெறுகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் ஆதியாகமம், யாத்திராகமம், சங்கீதம், பிரசங்கி, உன்னதப்பாட்டு என வழங்கும் நூல்கள் திருவிவிலியத்தில் முறையே தொடக்கநூல், விடுதலைப் பயணம், திருப்பாடல்கள், சபை உரையாளர், இனிமைமிகு பாடல் எனப் பெயர் பெறுகின்றன. ஒரு மரபில் வளர்ந்தவர் மற்ற மரபின் நூற்பட்டியலில் வழி தவறுவது இயல்பு. தேவன், கர்த்தர், பரிசுத்த ஆவி என்னும் சொற்களுக்கு எதிரே கடவுள், ஆண்டவர், தூய ஆவி என்பன நிற்கின்றன. ஒரு பதிப்பின் சொல்லைத் தட்டச்சிட்டு மற்றதில் தேடினால் பயன் கிட்டாது.

நூற்பெயர்களை இரு வழக்கிலும் ஏற்கச் செய்தல் நிரலாக்க நோக்கில் சிறிய திருத்தம். வாசகச் சமூக நோக்கில் பெரிய திருத்தம். கலப்புக் குடும்பங்களிலும் கல்லூரி வகுப்பறைகளிலும் இரு மரபினரும் ஒரே திரையின்முன் அமர இது வழி செய்யும். இருவழிச் சொல்லிணைப்பு ஒன்று அமைந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு வடசொற் கலப்பு நடைக்கும் தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிந்தைய நடைக்கும் இடையிலான மாற்றத்தைச் சொல்தோறும் ஆராய்வதற்கான தரவும் கிடைக்கும். மொழி வரலாற்று ஆய்வாளர்க்கு இது சமயம் கடந்த பயன்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'தமிழ் விவிலியம்' என்ற பெயர் மட்டும் தாங்கிய கோப்பு எந்தப் பதிப்பின் எவ்வாண்டு வடிவம் என்பதைத் திரை காட்டாவிடில், அதிலிருந்து எடுக்கும் மேற்கோள் ஆய்வேட்டில் ஆதாரமாக நிற்காது. பதிப்பு, ஆண்டு, உரிமை, கோப்பின் மூலம் ஆகியவற்றை ஒவ்வொரு சாளரத்தின் தலைப்பிலும் காட்டுதல் பயனர்கள் அரிதாகவே கோருவது. ஆய்வாளர் கட்டாயம் கோர வேண்டியது.

இயேசுவின் சொற்களைச் சிவப்பில் காட்டும் வழக்கம் 1899இல் லூயி கிளாப்ஷ் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் தொடங்கியது. அதைத் தமிழிலும் வேண்டும் பயனர்கள் அது ஒரு விளக்கவுரை என்பதை உணர்தல் நலம். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவின் கூற்று எங்கே முடிந்து நற்செய்தியாளரின் கூற்று எங்கே தொடங்குகிறது என்பதில் அறிஞர் கருத்து வேறுபாடு உண்டு. நிறமிடுபவர் அவ்வழக்குக்குத் தீர்ப்பளித்துவிடுகிறார். நிறத்தை நிறுத்தும் வசதியின்றி இவ்வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவருதல் ஏற்கத்தக்கதன்று.

6. தேடலும் சொல்லடைவும்

தேடிய சொல்லை நிறமிட்டுக் காட்டுமாறு கோரும் பரிந்துரை எளியதாகத் தோன்றினும் தமிழில் அது இலக்கணச் சிக்கல். 'அன்பு' எனத் தேடினால் 'அன்புக்கு' கிடைக்கும், 'அன்பினால்' கிடைக்காது. சாரியை ஏற்கும்போது குற்றியலுகரம் மறைந்து 'பி' தோன்றுவதே காரணம். 'அன்ப' எனத் தேடினால் ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின் தனிக்குறியாக நிற்பதால் இரண்டும் கிடைக்கும். ஆனால் நிறமிடல் எழுத்தின் நடுவே முறிந்து, பகரத்துக்கு நிறமும் அதன் உயிர்க்குறிக்கு நிறமின்மையும் தோன்ற வாய்ப்புண்டு. 'மரம்' எனத் தேடினால் 'மரத்தில்' வராது. 'மர' எனச் சுருக்கினால் 'மரணம்' வந்து சேரும். மரத்தைத் தேடும் மாணவர் மரணத்தைச் சென்றடைவது நகைப்புக்குரிய செய்தியன்று; அதன் அடிப்படையில் எண்ணிக்கை கூறும் ஆய்வேடு பிழையாகும்.

பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்படும் கோப்புகளில் மற்றொரு சிக்கலும் நேரலாம். ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் குறியும் ளகரமும் இடப்பட்டால் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. தேடலுக்கோ அது வேறு சொல். ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் இரு குறிகளின் சேர்க்கையாகவும் எழுத இயல்வதும் அத்தகையது. இவற்றைச் சீராக்காமல் நிறமிடலை மட்டும் மேம்படுத்துதல் அடித்தளமின்றிச் சுவருக்கு வண்ணம் பூசுவது.

சொல்லடைவின் வரிசையும் கருதத்தக்கது. ஒருங்குறியின் எண்வரிசையில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையே உள்ளது. தமிழ் நெடுங்கணக்கில் அது இறுதி. எண்வரிசையில் ககர ஒற்று கௌகாரத்துக்கும் பின் வரும். தமிழ் வரிசையில் அது ககரத்துக்கு முன். எண்வரிசையை அப்படியே காட்டும் சொல்லடைவு தமிழ் அகரவரிசை அறிந்த வாசகரை ஏமாற்றும்.

மூலமொழிச் சொல்லை அறிய உதவும் ஸ்ட்ராங் எண்கள் 1890இல் வெளியான ஆங்கிலச் சொல்லடைவைச் சார்ந்தவை. எபிரேயத்துக்கு 8,674 வரையும் கிரேக்கத்துக்கு 5,624 வரையும் செல்பவை. யோவான் 21:15–17இல் அன்பைக் குறிக்க இரு கிரேக்க வினைகள் மாறி வருவதை ஆங்கிலமறியாத வாசகரும் இவ்வெண்களால் காண முடியும். அது பெரும்பயன். ஆயினும் ஆங்கிலத்தின் தனிச்சொற்களுக்கு ஏற்ப அமைந்த எண்ணிடல், 'வீட்டிலிருந்தவர்களுக்கும்' போன்ற ஒட்டுச்சொல்லின்மேல் மூன்று நான்கு எண்களை அடுக்க நேர்கிறது. வரி வாசிக்க இயலாததாகிறது. எண்களை மறைக்க வழி வேண்டும் என்ற கோரிக்கையின் பின்னணி இதுவே. மறைப்பதினும் சிறந்த வழி தமிழ் உரைமரபில் உள்ளது. மூலம், பதவுரை, பொழிப்புரை, விளக்கம் என அடுக்கும் முறையில் மூலவரி தூய்மையாக நிற்கும். சொற்பிரிப்பும் சொற்பொருளும் பதவுரையில் அமையும். ஸ்ட்ராங் எண்களைப் பதவுரைச் சாளரத்துக்கு மாற்றினால், தமிழ் வாசகர் பள்ளி நாள் முதல் பழகிய அமைப்பிலேயே மூலமொழியை அணுகுவர்.

7. முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டின்படி, பயனர் பரிந்துரைகளை மூன்று வகையாகப் பகுக்கலாம். பின்புல நிறம், எழுத்தளவு போன்றவை வாசகரின் விருப்பத்துக்கு விடத்தக்கவை. பத்தியமைப்பு, அடி உள்தள்ளல், அடிக்குறிப்பு, எண்முறைப் பொருத்தம், பதிப்பு விவரம் ஆகியவை பதிப்பாசிரியரின் பொறுப்புக்கு உரியவை. அவற்றை விருப்பத் தேர்வாக மட்டும் கருதுதல் தகாது. தேடல், சொல்லடைவு, சொற்பிரிப்பு ஆகியவை இலக்கணத்துக்கு உரியவை. நிரலாளர் தனித்து நிறைவேற்ற இயலாதவை. முதல் வகையை நிறைவேற்றுவது எளிது. ஆய்வுக்கு இன்றியமையாதவை பின்னிரு வகைகளே.

ஈரோட்டில் எழுத்து வடிவமும் கோவையில் எழுத்துக் குறியீடும் விவாதிக்கப்பட்டபோது தமிழறிஞரும் தொழில்நுட்பரும் தத்தம் பங்கை ஆற்றினர். நூலின் திரைக்காட்சி குறித்த விவாதத்தில் தமிழ்த்துறைகளின் குரல் இன்னும் தேவைப்படுகிறது. விவிலியத்துக்குப் பொருந்தும் இம்முடிவு, உரையோடு கூடிய சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் செயலி அமைக்க முனைவோர்க்கும் பொருந்தும். பல பாடல்கள் ஒரு வினை கொண்டு முடியும் காப்பியப் பகுதியைத் தனித்தனி அட்டைகளாகக் காட்டும் செயலியும் இதே பிழையைச் செய்யும். ஒரு பகுதி எங்கே முடிகிறது என்பதைச் சட்டகம் முடிவு செய்தலாகாது; வாக்கியமே முடிவு செய்ய வேண்டும்.